இயேசுவுக்குத் திருமணம் ஆனதா? 1,800 ஆண்டு விவாதத்தில் ஆதாரம் எது, கற்பனை எது?

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி எம்.ஜி. ரோடு வழியாக வடக்கே போனால், ஒரே பயணத்தில் மூன்று விதமான கிறிஸ்தவ சபைகளைக் கடந்துவிடலாம். பாளையம் புனித சூசையப்பர் பேராலயத்தின் லத்தீன் கத்தோலிக்க ஃபாதர் திருமணம் செய்யக் கூடாது. கூப்பிடு தூரத்தில் எல்.எம்.எஸ். வளாகம். அங்கே சி.எஸ்.ஐ. போதகருக்கு மனைவி, பிள்ளைகள் இருப்பது சாதாரண விஷயம். இன்னும் கொஞ்சம் போனால் பட்டம், சீரோ மலங்கரா கத்தோலிக்கத் திருச்சபையின் தலைமையிடம். 1930-ல் மார் இவானியோஸ் தலைமையில் இந்தச் சபை ரோமுடன் இணைந்தபோது, ஏற்கெனவே மணமாகியிருந்த குருக்கள் அப்படியே பணியைத் தொடர்ந்தார்கள். இன்றைய வழக்கம் மணத்துறவுதான்.

மூன்று சபைகளும் வணங்குவது ஒரே இயேசுவை. அந்த இயேசுவுக்குத் திருமணம் ஆனதா என்பது சினிமா கிசுகிசு மாதிரித் தெரியலாம். ஆனால் யார் குருவாகலாம், ஒரு பெண் சீடரை வரலாறு எப்படி நினைவில் வைத்தது, அரசு எதைத் தடை செய்யலாம் என்ற மூன்று பெரிய கேள்விகள் இதற்குப் பின்னால் இருக்கின்றன.

சுருக்கமாக:

• இயேசு மணமானவர் என்றோ, மணமாகாதவர் என்றோ பைபிள் நேரடியாகச் சொல்லவில்லை.
• அவருக்கு மனைவி இருந்ததாகச் சொல்லும் நம்பகமான பழைய ஆவணம் எதுவும் இதுவரை கிடைக்கவில்லை.
• பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு: அவர் மணமாகாதவராக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.
• மகதலேனா மரியாள் ‘பாவியான பெண்’ என்ற அடையாளம் பைபிளில் இல்லை. அது பிற்காலச் சேர்க்கை.

பைபிள் என்ன சொல்கிறது?

நான்கு நற்செய்திகளிலும் இயேசுவின் குடும்பம் வருகிறது. தாய் மரியாள், யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் என்று பெயர் சொல்லப்படும் சகோதரர்கள், பெயர் சொல்லப்படாத சகோதரிகள் எல்லாரும் இருக்கிறார்கள். (இவர்கள் உடன்பிறந்தவர்களா, நெருங்கிய உறவினர்களா என்பதில் சபைகளுக்குள் வேறுபாடு உண்டு.) மனைவி என்று யாரும் வருவதில்லை.

“இல்லைன்னும் சொல்லலையே?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்கேதான் பவுல் எழுதிய ஒரு கடிதம் முக்கியமாகிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 9-ம் அதிகாரத்தில், ஊழியத்துக்குப் போகும்போது மனைவியைக் கூட்டிக்கொண்டு போகும் உரிமை தனக்கும் உண்டு என்று அவர் வாதாடுகிறார். மற்ற அப்போஸ்தலர்கள், ஆண்டவரின் சகோதரர்கள், பேதுரு ஆகியோரை உதாரணம் காட்டுகிறார். இயேசுவுக்கே மனைவி இருந்திருந்தால், அதைவிட வலுவான உதாரணம் இருந்திருக்காது. பவுல் அதைச் சொல்லவில்லை. இது மறைமுகச் சான்றுதான். ஆனாலும் இயேசுவின் காலத்துக்கு மிக நெருக்கமாக நம் கையில் இருப்பது இதுதான்.

ஆதாரங்களைக் காலவரிசையில் வைத்தால்

இயேசு சிலுவையில் அறையப்பட்டது கி.பி. 30-ஐ ஒட்டி என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து ஒவ்வொரு ஆவணமும் எவ்வளவு தூரம்? (ஆண்டுகள் தோராயமானவை.)

• பவுலின் கொரிந்தியர் கடிதம்: சுமார் 25 ஆண்டுகள். மனைவி பற்றிப் பேச்சே இல்லை.
• மாற்கு நற்செய்தி: சுமார் 40 ஆண்டுகள். இல்லை.
• யோவான் நற்செய்தி: 60 முதல் 70 ஆண்டுகள். இல்லை.
• அலெக்சாந்திரியாவின் கிளெமென்ட்: சுமார் 170 ஆண்டுகள். ‘மணமாகாதவர்’ என்கிறார்.
• பிலிப்பு நற்செய்தி: 200 ஆண்டுகளை ஒட்டி. மகதலேனாவை ‘துணை’ என்கிறது.

கிளெமென்ட் எழுதிய சூழலைக் கவனிக்க வேண்டும். அவர் காலத்தில் சிலர் திருமணமே பாவம், இயேசுவும் மணக்கவில்லை, நாமும் மணக்கக் கூடாது என்று போதித்தார்கள். கிளெமென்ட் திருமணத்துக்கு ஆதரவாகப் பேசியவர். அப்படியிருந்தும் “இல்லை, இயேசு மணமானவர்” என்று அவர் பதில் சொல்லவில்லை. இயேசுவின் மணமகள் சபைதான், அவர் நிலை சாதாரண மனிதரின் நிலை அல்ல என்பதே அவர் பதில். அதாவது மணமாகாதவர் என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை. அதிலிருந்து நாம் என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் சண்டை. தமிழ்ச் சபைகளில் இன்றும் கேட்கும் ‘மணவாளன்’, ‘மணவாட்டி சபை’ போன்ற சொற்கள் இதே உருவகத்திலிருந்து வருபவை.

‘யூத ஆண் என்றால் திருமணம் கட்டாயம்’ என்ற வாதம்?

1970-ல் வில்லியம் ஃபிப்ஸ் என்ற அமெரிக்க பிரஸ்பிட்டேரியன் அறிஞர் இதை ஒரு முழுப் புத்தகமாகவே எழுதினார். யூத சமூகத்தில் திருமணம் இயல்பான கடமை, அதனால்தான் நற்செய்திகள் அதைத் தனியாகச் சொல்லவில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். கிறிஸ்தவத்துக்கு உள்ளேயிருந்தே வந்த குரல் இது.

வாதம் சுவாரசியமானது, ஆனால் ஓட்டை உண்டு. அதே காலத்தில் எஸ்ஸீனர் என்ற யூதப் பிரிவில் மணமாகாத ஆண்கள் இருந்ததை ஜோசிஃபஸ், ஃபைலோ இருவரும் பதிவு செய்திருக்கிறார்கள். மணம் வேண்டாம் என்று கட்டளை பெற்றவராகவே எரேமியா தீர்க்கதரிசி பழைய ஏற்பாட்டில் வருகிறார். பவுலும் தனியாக வாழ்ந்த யூதர்தான். ஆக, அரிது; ஆனால் நடக்காத காரியம் இல்லை.

மகதலேனா மரியாள் எப்படி உள்ளே வந்தார்?

புராட்டஸ்டன்ட் பைபிளில் ‘மகதலேனா மரியாள்’, கத்தோலிக்கப் பொதுமொழிபெயர்ப்பில் ‘மகதலா மரியா’. நான்கு நற்செய்திகளிலும் கல்லறைக் காட்சியில் அவர் பெயர் இருக்கிறது. யோவான் நற்செய்தியில் உயிர்த்த இயேசுவை முதலில் சந்திப்பவரே அவர்தான். ஆனால் கி.பி. 591-ல் போப் முதலாம் கிரெகோரி ஒரு மறையுரையில், லூக்கா நற்செய்தியில் பெயரில்லாமல் வரும் ‘பாவியான பெண்’ணையும், பெத்தானியா மரியாளையும், மகதலேனாவையும் ஒரே ஆளாக்கினார். அதன் பிறகு ஓவியங்களிலும் பிரசங்கங்களிலும் அவர் ‘திருந்திய விலைமாது’ ஆனார்.

1969-ல் கத்தோலிக்க வழிபாட்டு நாட்காட்டி திருத்தப்பட்டபோது இந்தக் குழப்பம் நீக்கப்பட்டது. 2016-ல் போப் பிரான்சிஸ் அவருடைய ஜூலை 22 நினைவு நாளை, அப்போஸ்தலர்களுக்கு இருப்பதைப் போன்ற ‘விழா’வாக உயர்த்தினார். ஒரு பெண்ணின் மேல் விழுந்த தவறான அடையாளத்தை அதிகாரபூர்வமாக அழிக்கவே கிட்டத்தட்ட 1,400 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. மனைவி என்ற கதையும் இன்னொரு வகையில் இதையேதான் செய்கிறது. சீடராக, சாட்சியாக நின்றவரை ஓர் ஆணின் துணையாக மட்டும் பார்க்க வைக்கிறது.

அந்த ‘முத்தம்’ எங்கே இருக்கிறது?

1945-ல் எகிப்தின் நாக் ஹம்மாடியில் கிடைத்த காப்டிக் சுவடிகளில் பிலிப்பு நற்செய்தியும் ஒன்று. இயேசு மகதலேனாவை முத்தமிட்டதாகப் பேசும் வரி அதில் உண்டு. எங்கே முத்தமிட்டார் என்று சொல்ல வேண்டிய இடத்தில் சுவடி சிதைந்திருக்கிறது! ‘உதட்டில்’ என்பது மொழிபெயர்ப்பாளர்கள் ஊகித்து நிரப்பியது. தவிர, அந்த நூலிலேயே முத்தம் என்பது ஆன்மிக அருளைப் பகிர்வதன் அடையாளமாகவும் வருகிறது.

அடுத்து 2012. ஹார்வர்டு பேராசிரியர் கேரன் கிங், இயேசு “என் மனைவி” என்று சொல்வதாக உள்ள ஒரு பாப்பிரஸ் துண்டை ரோமில் அறிமுகப்படுத்தினார். விசிட்டிங் கார்டு அளவுதான். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. பாப்பிரஸ் உண்மையிலேயே பழையது, எழுத்துதான் சிக்கல். இணையத்தில் கிடைத்த தோமா நற்செய்தியின் பதிப்பு ஒன்றில் இருந்த அச்சுப்பிழைகூட அப்படியே அந்தத் துண்டில் இருந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2016-ல் ‘தி அட்லான்டிக்’ இதழில் ஏரியல் சபார் அதன் உரிமையாளரின் பின்னணியை வெளிக்கொண்டு வந்த பிறகு, போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று கிங்கே ஒப்புக்கொண்டார்.

தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் என்ன நடந்தது?

கேரளாவில் இந்தச் சர்ச்சை ‘டா வின்சி கோட்’ நாவலுக்கு முன்பே வந்துவிட்டது. ஆலப்புழை நாடகக்காரர் பி.எம். ஆண்டனியின் ‘கிறிஸ்துவின்டெ ஆறாம் திருமுறிவு’ 1986-ல் மேடையேறியது. மகதலேனாவை மணப்பதாக இயேசுவுக்கு ஒரு கனவுச் சோதனை வரும் கசான்ட்ஸாகிஸின் நாவலைத் தழுவியது அது. சபைகளின் எதிர்ப்பு கிளம்பியது, நாடகம் தடை செய்யப்பட்டது, நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை.

20 ஆண்டுகள் கழித்துக் காட்சி மாறியது. டான் பிரவுனின் 2003 நாவலை வைத்து எடுத்த ‘டா வின்சி கோட்’ படத்துக்கு, ‘இது கற்பனை’ என்ற அறிவிப்புடன் 2006-ல் தணிக்கை வாரியம் ‘ஏ’ சான்றிதழ் கொடுத்தது. ஆனாலும் தமிழ்நாடு, ஆந்திரா, கோவா, பஞ்சாப், நாகாலாந்து உட்படச் சில மாநிலங்கள் தடை விதித்தன. ஆந்திரத் தடையை அந்த மாநில உயர் நீதிமன்றமும், தமிழ்நாட்டுத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவனும் ரத்து செய்தார்கள்.

இதற்கான சட்ட வழியைப் போட்டுத் தந்ததே ஒரு தமிழ்ப் படம்தான். ‘ஒரே ஒரு கிராமத்திலே’ வழக்கில் 1989-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: போராட்டம் வரும், வன்முறை வரும் என்ற பயத்தைக் காரணம் காட்டிக் கருத்துரிமையை அடக்க முடியாது, சட்டம் ஒழுங்கைக் காப்பது அரசின் வேலை.

இயேசு மணமானவர் என்றால் ஃபாதர்களும் மணக்கலாமா?

இரண்டுக்கும் நேரடி முடிச்சு இல்லை. பேதுருவுக்கு மாமியார் இருந்ததை மாற்கு நற்செய்தியே சொல்கிறது. லத்தீன் சபையில் மணத்துறவு கண்டிப்பான சட்டமாக இறுகியது 12-ம் நூற்றாண்டில்தான். கேரளாவின் தோமா கிறிஸ்தவக் குருக்கள் அதற்குப் பிறகும் மணமானவர்களாகவே இருந்தார்கள். 1599-ல் கோவா பேராயர் மெனேசஸ் கூட்டிய உதயம்பேரூர் சங்கம்தான், மனைவியரை விட்டு விலகும்படி அவர்களுக்கு உத்தரவிட்டது. அந்தக் குடும்பங்களுக்கு இது இறையியல் விவாதம் இல்லை, வீடு இரண்டாவது.

இயேசு மணமாகாதவர் என்பதைக் கத்தோலிக்கத் திருச்சபை குருக்களுக்கான முன்மாதிரியாகச் சொல்கிறது. அதே இயேசுவை நம்பும் சி.எஸ்.ஐ., மார்த்தோமா, ஆர்த்தடாக்ஸ் சபைகளில் மணமான குருக்கள் இருக்கிறார்கள். வரலாற்றுச் சான்று மாறாமலே விதி மாறலாம் என்பதற்கு இவையே உதாரணம்.

அடுத்த முறை ஃபேமிலி குரூப்பில் ‘இயேசுவின் மனைவி: மறைக்கப்பட்ட உண்மை’ என்று ஃபார்வர்ட் வந்தால் மூன்று கேள்வி போதும். எந்தச் சுவடி? எந்த நூற்றாண்டு? அந்த வரி உண்மையிலேயே அதில் இருக்கிறதா, யாராவது நிரப்பியதா? பெரும்பாலான ஃபார்வர்டுகள் முதல் கேள்வியையே தாண்டாது.