இழுக்க இழுக்க இறுகும் பிடி

காஞ்சியிலே கயிலாசநாதர் கோயிலைக் காணாதவர் குறைவு. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை எழுப்பிய பல்லவ வேந்தன் இராசசிம்மன், தன் விருதுப் பெயர்களைச் சுற்றிலுமுள்ள சிற்றாலயங்களின் கல்லிலே வெட்டி வைக்கச் செய்தான். ஒன்றா, இரண்டா? இருநூறுக்கும் மேற்பட்ட பெயர்கள்! சென்ற ஆண்டு நம் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றோம். விருதுகளின் பொருளை விளக்கி முடித்து, வேந்தனின் பெருமையில் நாமே சற்று மயங்கி நின்ற வேளையில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான்: "சார், இவ்வளவு பேரையும் உளி பிடிச்சு வெட்டினவர் பேரு எந்தச் சுவத்துல இருக்கு?"

விடை கூற இயலவில்லை நம்மால். சிரித்து மழுப்பினோம். ஆசிரியர்களுக்கு அது கைவந்த கலை.

கேட்ட சிறுவனின் தந்தை, மின்கம்பி இழுக்கும் வேலையில் ஒப்பந்தத் தொழிலாளி. வைகாசியில் வரதராசப் பெருமாள் கோயில் தேர் புறப்படும் நாளன்று காந்தி சாலையிலும் ராச வீதியிலும் அவரைக் காணலாம். தேரைக் காண வந்தோர் கண்கள் கலசத்தின்மீது இருக்கும். அவர் கண்களோ கலசத்துக்கும் கம்பிக்கும் இடையிலுள்ள வெளியின்மீது இருக்கும். தேர் வருமுன் மின்சாரத்தை நிறுத்திக் கம்பிகளைக் கழற்றி இறக்க வேண்டும். தேர் கடந்தபின் ஏற்றிக் கட்ட வேண்டும். இது வெறும் சடங்கு என்று எண்ணிவிடாதீர்! 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சையை அடுத்த களிமேட்டில், தேரின் உச்சி உயரழுத்த மின்கம்பியைத் தொட்டது. பதினொரு உயிர்கள் மாண்டன. சிறுவரும் இருந்தனர் அவர்களுள்.

இறக்கிய கம்பியை மீண்டும் ஏற்றிக் கட்டும்போது ஒரு கருவியைக் கண்டோம். முழங்கை நீளம் இருக்கும், இரும்பாலானது, முன்புறம் இரு தாடைகள், பின்புறம் ஒரு வளையம். தொழிலாளர் அதனைக் 'கம்மலாங்' என்கின்றனர். 'உடன் வா' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சிதைவு அது. கம்பியைப் பிடித்து இழுத்தால் அது உடன் வருகிறது; பெயர் பொருத்தந்தான். கம்பிக்கவ்வி என்று தமிழில் வழங்குவோம் நாம்.

அதன் வரலாற்றை எழுத முனைந்தோம். ஒரு இடுக்கிக்கு வரலாறா என்று நண்பரொருவர் நகைத்தார். விருதுப் பெயர் இருநூறுக்கு வரலாறு உண்டென்றால் இதற்கு ஏன் இருக்கக் கூடாது?

கவ்வியின் இயல்பை முதலில் உணர வேண்டும். சாதாரண இடுக்கியை நாம் கையால் அழுத்துகிறோம். கை சோர்ந்தால் பிடி தளர்கிறது. கம்பிக்கவ்வியை எவரும் அழுத்துவதில்லை. அதன் வளையத்தை இழுத்தால், வளையத்தோடு இணைந்த நெம்புகோல் திரும்பி, மேல்தாடையைக் கம்பியின்மீது அழுத்துகிறது. கம்பி எத்துணை வலுவாக எதிர்த்து இழுக்கிறதோ அத்துணை வலுவாகப் பிடி இறுகுகிறது. தன்னைப் பறித்துக்கொள்ள முயலும் விசையைக் கொண்டே தன்னை விடாமல் பிடிக்கும் கருவி! இழுவை நின்றால் தானே நெகிழ்ந்து விடுவிக்கிறது.

இரு கம்பங்களுக்கிடையே அறுந்த கம்பியை இணைக்க வேண்டுமென்று கொள்வோம். அறுந்த இரு முனைகளிலும் சற்றுத் தள்ளி ஆளுக்கொரு கவ்வியைப் பூட்டுவர். இரு கவ்விகளுக்கும் நடுவே பல்சக்கரமும் சங்கிலியும் கொண்ட இழுபொறியை மாட்டி, முனைகள் ஒன்றையொன்று நெருங்கும்வரை இழுப்பர். பின்னர் முனைகளை இணைத்து, மெல்ல மெல்ல இழுபொறியைத் தளர்த்துவர். கம்பியின் பளு கவ்வியிலிருந்து நழுவிப் புதிய இணைப்பிற்கு மாறும். கவ்வியின் பணி அந்தக் கால் மணி நேரந்தான். பிள்ளையார்பாளையத்துப் பிள்ளைகளுக்கு இதனைச் சொன்னால் உடனே விளங்குகிறது. முடிந்த பாவின் இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஆயிரக்கணக்கில் ஒவ்வொன்றாகப் பிணைக்கும்போது, இரு பாவும் தொய்யாமல் நிற்க வேண்டுமல்லவா? விறைப்பு இழந்தால் இழை சிக்குறும் என்பதை அவர்கள் தொட்டிலிலேயே கற்றவர்கள்.

காஞ்சிக்கும் இக்கருவிக்கும் உள்ள உறவு பாவோடு நின்றுவிடவில்லை. சரிகையை எண்ணிப் பாருங்கள். வெள்ளிக் கம்பியை அச்சுத் தகட்டின் துளை வழியே இழுக்கின்றனர். அடுத்து அதனினும் சிறிய துளை. பின்னும் சிறிய துளை. மயிரிழையாக மெலிந்த பின்னர் அதனைத் தட்டையாக்கிப் பட்டு நூலின்மேல் சுற்றிப் பொன் முலாம் பூசுகின்றனர். சூரத்திலிருந்து வந்துகொண்டிருந்த சரிகையை உள்ளூரிலேயே ஆக்க, 1971-இல் காஞ்சியில் அரசு நிறுவனமொன்றும் தோன்றியது. இனி, கம்பியைத் துளையின் வழியே இழுக்க எதனால் பிடிப்பது? விரலால் இயலாது. பொற்கொல்லரின் பட்டறையில் இதற்கெனவே ஒரு குறடு உண்டு. 1540-இல் வெனிசு நகரில் அச்சேறிய உலோகத்தொழில் நூலொன்றில் பிரிங்குச்சியோ என்ற இத்தாலியர் கம்பி இழுக்கும் பட்டறையை விளக்கியிருக்கிறார். இழுக்கையில் தானே மூடி, தளர்த்துகையில் தானே திறக்கும் குறட்டை அங்கே காண்கிறோம். கம்பிக்கவ்வியின் மூதாதை அதுவே என்பது நம் கருத்து. அணிகலனுக்காகப் பிறந்த அறிவு, பின்னாளில் வீதிவிளக்கிற்குப் பயன்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தந்தி வந்தது. 1839-இல் கல்கத்தாவில் ஒஷானெசி என்ற மருத்துவர் தந்திச் சோதனை நிகழ்த்தினார். 1851-இல் கல்கத்தாவுக்கும் வைரத் துறைமுகத்துக்கும் இடையே தந்தித்தடம் அமைந்தது. 1855-இல் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை நகரங்களை இணைத்த தந்தி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஐரோப்பாவில் மெல்லிய கம்பி போதுமானதாக இருந்தது. இங்கோ புயலும் மழையும், கம்பியில் வந்தமரும் பறவைகளும், தாவித் தொங்கும் குரங்குகளும்! ஆகவே தடித்த இரும்புக் கம்பியையே தேர்ந்தார் ஒஷானெசி. கனத்த கம்பியைக் கையாள்வதென்னும் சிக்கல் நம் நாட்டில் இவ்வாறு தொடங்கியது.

அந்த வேலையைக் களத்தில் நின்று செய்தவர்களில் ஒருவரின் பெயர், தப்பிப் பிழைத்து நம்மை வந்தடைந்திருக்கிறது: சிப்சந்திர நந்தி. ஒஷானெசியின் வங்காளி உதவியாளர் அவர். காசு கொடுத்துக் கம்பம் வாங்கும் இடத்தில் பனைமரத் தண்டுகளை நட்டுச் செலவைக் குறைத்த கூர்மதியர். பள்ளிப் பாடநூல்களில் டல்ஹவுசிக்கு ஒரு பக்கம் உண்டு. நந்திக்கு ஒரு வரியும் இல்லை. நந்தியின் பெயராவது எஞ்சியது! அவர்கீழ் கம்பி இழுத்தவர்களின் பெயர்?

1857 என்றதும் சிப்பாய்ப் புரட்சி நினைவுக்கு வரும். அதே ஆண்டில், கடலுக்கு அப்பால் சிகாகோ நகரில், செர்மனியிலிருந்து குடியேறிய மத்தியாசு கிளைன் என்ற கொல்லரிடம் தந்திக் கம்பியாளர் ஒருவர் உடைந்த குறட்டோடு வந்தார் என்று அவர் வழிவந்த நிறுவனம் கூறுகிறது. உடைந்த பாதியை அடித்துக் கொடுத்தார் கிளைன். சில நாளில் மறு பாதியும் உடைந்தது. அதனையும் அடித்துக் கொடுத்தார். இவ்வாறு பிறந்த தொழிலகம் கம்பியாளருக்கான கருவிகளில் பெயர் பெற்றது; அவற்றுள் கம்பிக்கவ்வியும் ஒன்று. அதன் ஒரு வகைக்குச் 'சிகாகோ பிடி' என்றே பெயர் வழங்குகிறது. அங்கும் கொல்லர் பெயர் நிலைத்தது. உடைந்த குறட்டோடு வந்த கம்பியாளரின் பெயர் நிலைக்கவில்லை.

தமிழகத்தில் மின்சாரம் பரவிய கதையை விரைந்து சொல்லிவிடலாம். 1895-இல் சென்னையில் மின்சார டிராம் ஓடியது. 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் மலையிறங்கிக் கோவையின் ஆலைகளை எட்டியது. 1937-இல் மேட்டூர், 1944-இல் பாபநாசம். 1957 சூலை முதல் நாள் மின்சார வாரியம் உருவாயிற்று. அதன்பின் சிற்றூர்க் கிணற்று மேட்டுக்கும் கம்பி போயிற்று. 2010-இல் வாரியம் பிரிந்து பகிர்மானக் கழகமும் தொடரமைப்புக் கழகமும் தோன்றின.

கம்பி மாறியதும் கவ்வியும் மாறவேண்டியதாயிற்று என்பதே நாம் நின்று நோக்கவேண்டிய இடம். தந்திக் கம்பி இரும்பு. கவ்வியின் பற்கள் பதிந்தாலும் பொறுத்துக்கொள்ளும். இன்றைய மின்கம்பியோ நடுவில் எஃகிழை, சுற்றிலும் அலுமினிய இழைகள் என முறுக்கப்பட்டது. எஃகு பளுவைத் தாங்க, அலுமினியம் மின்சாரத்தைக் கடத்துகிறது. இவ்வகைக் கம்பிகளுக்கு விலங்குகளின் பெயர்களையே சூட்டியிருக்கின்றனர்: அணில், முயல், நாய், சிறுத்தை! கம்பி பருக்கப் பருக்க விலங்கும் வளர்கிறது. 'முயல்' கம்பி கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 214 கிலோ எடை. அறுபடுமுன் 1,800 கிலோவுக்கும் மேற்பட்ட இழுவையைத் தாங்கும். அலுமினியம் மென்மையானது. கூர்ப்பல் கவ்வியால் பிடித்தால் இழையில் வடு விழும், அன்று அறாது, ஒரு புயலிரவில் அந்த வடுவிலே அறும். ஆகவே அலுமினியத்துக்கு நீண்ட, கம்பியின் பருமனுக்கேற்பப் பள்ளமிட்ட, கூரற்ற தாடைகள் வேண்டும். அணிலுக்கான கவ்வி சிறுத்தைக்கு ஆகாது.

இழுவையின் அளவும் மனம்போனபடி அமைவதன்று. கோடையில் கம்பி நீண்டு தொய்யும்; பனிக்காலத்தில் சுருங்கி விறைக்கும். மார்கழி விடியலில் சித்திரைக்குரிய தொய்வு விட்டுக் கட்டினால், சித்திரையில் கம்பி மாட்டுவண்டியின் வைக்கோலைத் தொடும். அன்றைய வெப்பம், கம்பங்களின் இடைவெளி இரண்டையும் கணக்கிட்டே தொய்வு விடவேண்டும். நாம் கணக்கில் நூற்றுக்கு நாற்பது வாங்கித் தேறியவர்கள். பத்தாம் வகுப்பைத் தாண்டாத முதிய கம்பியாளர் ஒருவர் கம்பத்தில் இருந்தபடியே அதனைக் கண்ணால் கணித்ததைக் கண்டு வெட்கினோம்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. கவ்வி இழுவையைத்தான் தடுக்கும், மின்சாரத்தைத் தடுக்காது. அதுவும் இரும்பே. மின்னோட்டத்தை நிறுத்தி, 'லைன் கிளியர்' பெற்று, தடத்தை மண்ணோடு இணைத்த பின்னரே கவ்விக்கு வேலை.

2016 திசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையையும் காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களையும் சூறையாடியது. 2018 நவம்பரில் கசா புயல் காவிரிப் படுகையில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. கேரளத்திலிருந்தும் கம்பியாளர் வந்தனர். நாட்கணக்கில் இருளில் கிடந்த ஊர்களுக்கு ஒளி திரும்பியபோது மக்கள் கை தட்டினர். அந்த வாரங்களில் வயல் சேற்றில் நின்று கம்பி இழுத்தவர்களில் நிரந்தரப் பணியாளர் உண்டு. நாட்கூலிக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளரும் உண்டு. மேலிருந்து விழுந்தால் உடல் இருவருக்கும் ஒன்றே, பதிவேடுதான் வேறு.

இனி அந்த மாணவனின் தந்தைக்கு வருவோம். சென்ற ஐப்பசியில் ஒரு மழைநாள். ஒரே வேளையில் இரண்டு இடங்களில் கம்பி அறுந்திருந்தது. அவர் குழுவிடம் இருந்தவை இரண்டே கவ்விகள். அவ்விரண்டும் மற்ற இடத்துக்குப் போய்விட்டன. மின்சாரம் எப்போது வருமென்று வீடுதோறும் கேள்வி. ஒப்பந்தக்காரர் அவசரப்படுத்தினார். கம்பியிலே கயிற்றைச் சுற்றி முடிச்சிட்டு இழுத்தனர். நனைந்த கயிறு நழுவியது. கையுறையின்றிப் பிடித்திருந்தவரின் உள்ளங்கையில் கம்பி ஓடியது. வலக்கையின் இரு விரல்கள் போயின.

மருத்துவமனையில் கண்டோம். "கவ்வி வரும்வரை காத்திருக்கக் கூடாதா ஐயா?" என்றோம்.

"காத்திருந்தா அன்னிக்குக் கூலி யாரு தருவா வாத்தியாரே?" என்றார்.

விபத்து இழப்பீட்டுக்கு மனு எழுதிக் கொடுத்தோம். அவர் அன்று அங்கே வேலை செய்ததற்கு என்ன சான்று என்று கேட்டனர். வருகைப் பட்டியலைத் தேடினோம். அவர் குழுவின் பெயருக்கு எதிரே 'ஆட்கள் 6' என்று எழுதியிருந்தது. பெயர்கள் இல்லை. கயிலாசநாதர் கோயிலில் நம்மைக் கேட்ட சிறுவன் நம்மருகே நின்று அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். இம்முறை அவன் ஒன்றும் கேட்கவில்லை.

மற்ற ஐவரையும் தேடிக் கண்டு, ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் எழுதி, கையொப்பமோ கைநாட்டோ பெற்று, மனுவோடு இணைத்திருக்கிறோம். குழுவொன்றுக்கு எத்தனை கவ்விகள் தரப்படவேண்டும், எத்தனை தரப்பட்டன என்ற கேள்வியையும் அதிலே சேர்த்தோம். வரும் திங்கட்கிழமை விசாரணை.