மெருகுக்குத் தப்பிய தங்கம்

பழைய டாங்க் கடிகாரம் ஒன்று என் மேசைக்கு வந்தால், ஓடுகிறதா என்று பார்க்கும் முன் அதன் ஓரங்களை நகத்தால் தொட்டுப் பார்ப்பேன். இடப்பக்கமும் வலப்பக்கமும் செங்குத்தாக இரண்டு தங்கப் பட்டைகள். அவற்றுக்கு நான்கு முனைகள். முனை நகத்தில் தட்டுப்பட்டால் மனம் நிறைந்துவிடும். வழுக்கிக்கொண்டு போனால், பளபளப்புக்கு ஆசைப்பட்டு யாரோ அதைத் தேய்த்தே கரைத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

நான் புதுச்சேரிப் பத்தர் வீட்டுப் பிள்ளை. பாரிஸில் ஒபேரா பக்கத்தில் ஒரு சின்னப் பட்டறையில் பழைய கடிகாரங்களின் தங்கக் கூடுகளைப் பழுது பார்க்கிறேன். மெஷின் வேலை என் கூட்டாளியுடையது, தங்க வேலை என்னுடையது. டாங்கைச் செய்த கார்த்தியே (நம் ஊர்ப் பத்திரிகைகளில் கார்டியர்) நகைக்கடை இருக்கும் ரூ த லா பே தெரு பட்டறையிலிருந்து நடக்கிற தூரம்தான்.

அந்தக் கடையை 1847-இல் தொடங்கியவர் லூயி பிரான்சுவா கார்த்தியே. தன் குருவின் பட்டறையை எடுத்து நடத்தியவர். கடை 1899-இல் ரூ த லா பே 13ஆம் எண்ணுக்கு வந்தது. அவருடைய பேரன்கள் மூவர்: பியேர் நியூயார்க்கைப் பார்த்துக்கொண்டார், ழாக் லண்டனை, மூத்தவர் லூயி பாரிஸை. கைக்கடிகாரத்தைப் பொறுத்தவரை கதை மூத்தவருடையது.

அந்தக் காலத்தில் ஆண்கள் கையில் கடிகாரம் கட்டமாட்டார்கள். சங்கிலி போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள். கையில் கட்டுவது பெண்களின் அலங்காரம் என்பது அன்றைய எண்ணம். இதை மாற்றியவர்களில் ஒருவர் பிரேசில் நாட்டு அல்பெர்த்தோ சாந்தோஸ் துய்மோன். 1901-இல் ஆகாயக் கப்பலில் ஈபெல் கோபுரத்தைச் சுற்றி வந்து பரிசு வென்றவர். இரண்டு கையாலும் கலத்தைப் பிடித்திருக்கும்போது பையைத் துழாவி மணி பார்க்க முடியவில்லை என்று நண்பர் லூயியிடம் அவர் குறைப்பட்டாராம். லூயி 1904-இல் அவருக்காக ஒரு சதுரக் கடிகாரம் செய்தார். 1911 முதல் அது கடையில் விற்பனைக்கும் வந்தது. இன்றும் சாந்தோஸ் என்ற பெயரில் விற்கிறது.

இங்கே ஒரு தங்க வேலைக்காரனின் பார்வையில் ஒன்று சொல்ல வேண்டும். ஆரம்பகாலக் கைக்கடிகாரங்களில் பெரும்பாலானவை பைக்கடிகாரத்துக்கு மேலும் கீழும் ஒரு கம்பி வளையத்தைப் பற்றவைத்துத் தோல்வாரைக் கோத்தவை. பார்த்தவுடன் தெரியும், கூடு வேறு, வளையம் வேறு. பொடி வைத்து ஊதிய இடம் துருத்திக்கொண்டு நிற்கும். வார் எந்த இடத்தில் கூட்டைச் சந்திக்க வேண்டும் என்ற கேள்விக்கு ஒழுங்கான விடை இல்லை. சாந்தோஸில் பாதி விடை கிடைத்தது. முழு விடை டாங்கில்தான் வந்தது.

அதற்கு மெல்லிய மெஷின் தேவைப்பட்டது. அல்சாஸில் பிறந்து பாரிஸில் கடிகாரத் தொழில் செய்த எத்மோன் ழேகேர், தான் வரைந்த மெல்லிய மெஷின்களைச் செய்து காட்டும்படி 1903-இல் சுவிஸ் நாட்டுத் தொழிலாளர்களுக்குச் சவால் விட்டார். ஏற்றுக்கொண்டவர் ழூ பள்ளத்தாக்கின் ழாக் தாவித் லெகூல்த்ர். 1907-இல் அந்தப் பட்டறை செய்த பைக்கடிகார மெஷினின் தடிமன் 1.38 மில்லிமீட்டர். அதே ஆண்டு கார்த்தியே ழேகேருடன் ஒப்பந்தம் போட்டது. டாங்க் பிறப்பதற்கு முன்பே அதற்குள் வைக்க வேண்டிய மெஷினுக்கு வழி பிறந்துவிட்டது.

பிறகு போர். 1916 செப்டம்பரில் சொம் போர்க்களத்தில் ஆங்கிலேயர்கள் முதல் டாங்குகளை இறக்கினார்கள். பிரான்சில் ரெனோ கம்பெனி சிறிய டாங்க் ஒன்றை வடிவமைத்தது. அதை மேலிருந்து பார்த்த தோற்றம்தான் 1917-இல் லூயி வரைந்த கடிகாரம் என்பது கார்த்தியே சொல்லிவரும் கதை. நான் அந்த ரெனோ டாங்கின் மேல்தோற்றப் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் சங்கிலிப் பட்டைகள் உடலைத் தாண்டி முன்னால் நீண்டிருக்கின்றன. உடல் அவற்றின் நடுவே அமர்ந்திருக்கிறது. கடிகாரத்திலும் தங்கப் பட்டைகள் முகப்பைத் தாண்டி மேலும் கீழும் நீள்கின்றன. அந்த நீட்சிகளுக்கு நடுவேதான் தோல்வார் செருகப்படுகிறது. பற்றவைத்த வளையம் இல்லை, கொக்கி இல்லை. கூட்டின் சுவரே வாரைப் பிடிக்கும் கையாகவும் இருக்கிறது. ஒரு பத்தருக்கு இதைவிட அழகான தீர்வு இருக்க முடியாது என்பது என் தீர்மானம். முதல் பிரதியை அமெரிக்கத் தளபதி பெர்ஷிங்குக்குக் கொடுத்தார்கள் என்றும் சொல்வதுண்டு. அந்தப் போரில் பிரான்சுக்காக மடிந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கும் எங்கள் புதுச்சேரிக் கடற்கரையில் ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது. அதனாலோ என்னவோ, இந்தக் கடிகாரத்தை வெறும் ஒய்யாரப் பொருளாக என்னால் பார்க்க முடிவதில்லை.

1919 இறுதியில் டாங்க் விற்பனைக்கு வந்தபோது மொத்தம் ஆறே ஆறுதான். வெள்ளை முகப்பில் கறுப்பு ரோமன் எண்கள், நடுவே தண்டவாளம் போல் நிமிடக் கோடுகள், சூட்டில் நீலமாக்கிய எஃகு முட்கள், சாவி கொடுக்கும் திருகின் தலையில் ஒரு நீலக்கல். பின்னால் எத்தனையோ உருவங்கள் வந்தன. 1921-இல் மணிக்கட்டின் வளைவுக்கு ஏற்ப வளைந்த சேந்த்ரே, 1928-இல் முட்களே இல்லாமல் இரண்டு சாளரங்களில் மணி காட்டும் அ கிஷே. 1922-இல் வந்த லூயி கார்த்தியே வகையில் பட்டைகளின் முனைகளை மென்மையாக உருட்டினார்கள். அந்த வகையில் நகத்தில் முனை தட்டாது. ஆனால் அந்த உருட்டலுக்கும் ஓர் அளவு உண்டு, இரண்டு பக்கமும் ஒத்திருக்க வேண்டும். தேய்த்தது ஒரு பக்கம் கூடியும் மறுபக்கம் குறைந்தும் இருக்கும்.

டாங்க் வரையப்பட்ட அதே 1917-இல் நியூயார்க்கில் இன்னொன்று நடந்தது. ஐந்தாம் அவென்யூவில் ஒரு மாளிகையைப் பியேர் வாங்கினார். கொடுத்த விலை நூறு டாலரும் ஓர் இரட்டை வட முத்துமாலையும். மாலையின் மதிப்பு அன்று 10 லட்சம் டாலர். பிறகு வளர்ப்பு முத்து வந்தது, இயற்கை முத்தின் விலை சரிந்தது. 1957-இல் அந்த மாலை ஏலத்துக்கு வந்தபோது பழைய மதிப்பில் பத்தில் இரண்டு பங்குகூடத் தேறவில்லை. அந்தக் கட்டடத்தில்தான் இன்றும் கார்த்தியே கடை இருக்கிறது.

மதிப்பு எதில் தங்குகிறது என்பதுதான் கேள்வி. நம் வீடுகளில் நகை வாங்கும்போது எடைக்கு ஒரு கணக்கு, செய்கூலி சேதாரத்துக்கு ஒரு கணக்கு. விற்கப் போனால் எடை மட்டும்தான் பேசும், செய்கூலி போனது போனதுதான். பழைய டாங்கில் இது தலைகீழ். 18 காரட் தங்கம்தான், அதாவது ஆயிரத்துக்கு 750 பங்கு. நம் ஊர் 916 தங்கத்தைவிட மாற்றுக் குறைவு. எடையும் அதிகமில்லை. விலையில் பெரும்பங்கு செய்கூலிக்குத்தான், அந்தச் செய்கூலி முழுவதும் மேற்பரப்பில்தான் இருக்கிறது. மேற்பரப்பைத் தேய்த்தால் போவது அதுதான்.

ஜாக்குலின் கென்னடி அணிந்த டாங்க் இதற்குச் சாட்சி. 1963 பிப்ரவரியில் பாம் பீச்சில் அவருடைய தங்கையின் கணவர் ஸ்தானிஸ்லாவ் ராட்சிவில் 50 மைல் நடைப்பயணம் போனார். அதன் நினைவாக அந்த நாளும், தொடங்கி முடித்த நேரமும் கடிகாரத்தின் பின்மூடியில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 2017-இல் நியூயார்க் ஏலத்தில் அது 3,79,500 டாலருக்குப் போனது. எந்தப் பட்டறையிலாவது அந்த மூடியைச் சக்கரத்தில் வைத்து ஓட்டியிருந்தால் எழுத்தும் போயிருக்கும், கதையும் போயிருக்கும்.

எழுத்து மட்டுமல்ல, முத்திரைகளும் இருக்கின்றன. பிரான்சில் செய்த 18 காரட் தங்கத்தில் கழுகுத் தலை முத்திரை இருக்கும். 1838-இல் தொடங்கிய வழக்கம். வெளிநாட்டிலிருந்து வந்த தங்கத்துக்கு 1893 முதல் ஆந்தை முத்திரை. செய்தவரின் முத்திரை ஒரு சாய்சதுரத்துக்குள் இருக்கும். எல்லாமே கடுகளவு. கண்ணில் லூப் வைத்துத்தான் படிக்க முடியும். கழுகின் அலகு கூராகத் தெரிந்தால் அந்தக் கூட்டை அதிகம் தேய்க்கவில்லை என்று நம்பலாம். அலகு மங்கிச் சொட்டையாகத் தெரிந்தால் பட்டைகளிலும் பாதி போயிருக்கும். பக்கவாட்டுத் திருகுகளைச் சுற்றிப் பள்ளம் விழுந்திருந்தாலும் அதே நோய்தான். அப்படி ஒன்றை, மிக நல்ல கடிகாரத்தை, மெருகு போட்ட பிறகு என்னிடம் கொண்டுவந்தார் ஒரு வயதான அம்மாள். புதுசு போல ஆக்கித் தருகிறோம் என்று ஒரு கடையில் சொன்னார்களாம். உண்மையில் புதுசு போலத்தான் மின்னியது. தங்கத்தை மறுபடி வைத்துப் பட்டையைக் கட்டலாம். கழுகை நான் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது.

எழுபதுகளில் வந்த வகையைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். 1977-இல் மஸ்ட் என்ற பெயரில் வெள்ளிக் கூட்டுக்குத் தங்கம் பூசிய டாங்குகளைக் கார்த்தியே விற்கத் தொடங்கியது. பூச்சின் தடிமன் 20 மைக்ரான். பின்மூடியில் வெள்ளி என்றும் தங்க முலாம் என்றும் பிரெஞ்சில் தெளிவாகவே எழுதியிருக்கும். மோசமான கடிகாரங்கள் அல்ல. ஆனால் முழுத்தங்கம் என்று நம்பி மெருகுக்குக் கொடுத்தால் ஓரங்களில் வெள்ளி பல்லைக் காட்டும்.

குடும்பத்தில் பழைய தங்கக் கடிகாரம் ஒன்று இருந்தால், அது எந்தக் கம்பெனி என்றாலும், என் வேண்டுகோள் இதுதான். மெஷினை ஆயில் சர்வீஸ் செய்யுங்கள், தோல்வாரை மாற்றுங்கள், கூட்டை மெல்லிய துணியால் துடைத்தால் போதும். முகப்பு மஞ்சளித்திருந்தால் அப்படியே விடுங்கள், மறு அச்சுக்குக் கொடுக்காதீர்கள். கடையில் கொடுக்கும்போது மெருகு போடக் கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.