கொழுத்த எழுத்து வீதிக்கு வந்த கதை

ஏட்டில் அடங்கிக் கிடந்த அச்செழுத்து, மார்தட்டி வீதிக்கு வந்தது எப்போது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலண்டன் மாநகரில்! எழுத்து வார்ப்பாளர் இராபர்ட் தார்ன் பெயரோடு பேசப்படுவது அக்கொழுத்த எழுத்து. தடித்த கோடு பூசணியாய்ப் புடைத்திருக்கும். மெல்லிய கோடோ மயிரிழை. தொந்தி பெருத்தவர் குச்சிக் காலில் நிற்கும் கோலம்! நாம் நகைக்கிறோம், அச்சுக்கலை அறிந்த ஹான்சார்ட் நகைக்கவில்லை, 1825இல் தம் நூலில் கண்டித்தார். அழகு கெட்டதாம்! யாருடைய அழகு? ஏட்டை மடியில் வைத்து ஓய்வாய்ப் படிப்போரின் அழகு. உழைத்துக் களைத்துத் தெருவில் நடப்பவன் பத்தடி தொலைவிலிருந்தே படிக்க வேண்டாமா?

அதனை முதலில் வாரியணைத்தோருள் பரிசுச்சீட்டு வணிகரும் உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. ஏழையின் காசுக்காக எழுத்தும் பல்லிளித்தது. 1826இல் ஆங்கில அரசின் பரிசுச்சீட்டு ஒழிந்தது. மறு ஆண்டே நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ், எந்திரத்தால் மரத்தில் எழுத்தைக் குடைந்தார். ஈயத்தினும் எடை குறைவு, விலை குறைவு. சாண் உயர எழுத்தும் சிறிய அச்சுக்கூடத்திற்கு எட்டியது. அம்முறை பிற நாடுகளிலும் பரவிற்று.

1848 ஏப்ரல் 10. ஆண்கள் அனைவர்க்கும் வாக்குரிமை கேட்ட சாசன இயக்கத்தார் (பெண்களை விட்டுவிட்டது தனிக்கதை!) இலண்டன் கென்னிங்டன் திடலில் கூடினர். அவர்களை அழைத்தவை பெரிய எழுத்துச் சுவரொட்டிகள். ஊர்வலத்தைத் தடுத்த காவல்துறை அறிவிப்பும் சுவரேறியது.