தொடர்பும் பிணைப்பும்: உச்சமுனைக் கரையிற் பொறியும் வணிகமும்

கைத்தொழில் நாடுகளின் வணிக உறவுகள் பற்றிய ஆய்வு 1970களில் ஒரு திருப்பத்தைக் கண்டது. அதுவரை செல்வாக்குப் பெற்றிருந்த பொருளியல் நூல்கள் கொள்வோனையும் விற்போனையும் சந்தையிற் கணநேரம் சந்தித்துப் பிரியும் அந்நியராகவே கருதின. 1976ஆம் ஆண்டு தொடக்கம் சுவீடன், பிரித்தானியா, பிரான்சு, இத்தாலி, மேற்கு ஜேர்மனி ஆகிய ஐந்து நாடுகளின் ஆய்வாளர் கூடி நடத்திய கள ஆய்வு இதனை மறுத்தது. ஹொக்கன் ஹொகன்சனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1982இல் வெளிவந்த அதன் பெறுபேறுகள், இயந்திரம் செய்வோரும் அதனை வாங்குவோரும் பல்லாண்டுக் காலம் உறவு பூணுகின்றனர் என்பதையும், ஒருவர் தேவைக்கேற்ப மற்றவர் தமது உற்பத்தி முறையையே மாற்றிக்கொள்கின்றனர் என்பதையும், விற்பனையாளர் மட்டுமன்றி இருபுறத்துப் பொறியியலாளரும் நேரிற் பழகியே பொருளின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றனர் என்பதையும் காட்டின. இதற்குச் சற்று முன்னர், 1973இல், அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெற்றர், நெருங்கிய உறவினரிலும் பார்க்க அரைகுறையாக அறிமுகமானோரே புதிய செய்திகளைக் கொண்டுவருகின்றனர் என நிறுவியிருந்தார்.

இவ்வாய்வுகள் பயனுள்ளவை என்பதில் ஐயமில்லை. ஆனால் உறவு நெருக்கமானதா, தளர்ந்ததா, நீண்டதா, குறுகியதா என்று அளக்கும் இவை, அவ்வுறவின் கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறது என்ற வினாவைப் பெரும்பாலும் கேட்பதில்லை. ஒத்த வலிமையுடைய இரு நிறுவனங்கள் எதிரெதிரே அமர்ந்து பேசும் ஐரோப்பியச் சூழலில் இக்குறை அத்துணை வெளிப்படாது. எமது கரையோரங்களில் அது உடனே புலப்படும். எனவே இக்கட்டுரையில் நாம் இரு சொற்களை வேறுபடுத்தி வழங்குகிறோம். ஆளும் ஆளும், அன்றி ஆளும் கருவியும், சந்திப்பது தொடர்பு. அச்சந்திப்பு முடிந்த பின்னரும் ஒருவனை விலகவிடாது நிறுத்துவது பிணைப்பு.

ஆய்வுக்கு நாம் எடுத்துக்கொள்வது புத்தளம் மாவட்டத்து உச்சமுனை. கற்பிட்டிக்கு வடக்கே, ஒல்லாந்தர் குடாவுக்கும் திறந்த கடலுக்கும் இடைப்பட்ட மணற்றிட்டில் அமைந்த மீனவக் குடியிருப்பு அது. தரைவழி இல்லை. ஆணி முதல் அரிசி வரை யாவும் படகிலேயே வந்து சேரவேண்டும். எந்தப் பொருள் யார் வழியாக வருகிறது என்பதை மறைக்க முடியாத இடம் என்பதனாலேயே இச்சிறு ஊர் எமது கவனத்துக்குரியதாகிறது.

இக்கரைக்கு வெளியுலகத் தொடர்பு புதிதன்று. 1344இல் இலங்கைக்கு வந்த இபின் பதூதா குறிப்பிடும் 'பத்தாலா' புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. கரையொதுங்கிக் கிடந்த கறுவாக் கட்டைகளை மாபார், மலபார்க் கரை வணிகர் விலையின்றி எடுத்துச்செல்ல, அதற்கீடாக அரசனுக்குத் துணி முதலியவற்றைக் கையுறையாக அளித்தனர் என அவர் எழுதுகிறார். விலை என்ற சொல் இல்லாவிடினும் கொடுக்கல் வாங்கல் இருந்தது. அதன் திறவுகோல் அரண்மனையில் இருந்தது.

ஒல்லாந்தர் 1667இல் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டத் தொடங்கியதன் நோக்கமும் இவ்வகையில் ஆராயத்தக்கது. புத்தளம் அப்போது கண்டி அரசின் துறை. கடனீரேரியின் வாயிலில் அமர்ந்துகொண்டால் கண்டியின் கடல் வணிகத்தைத் தம் கட்டுப்பாட்டுள் வைக்கலாம் எனக் கும்பினியார் கணக்கிட்டனர். பொறியியல் மக்களை இணைக்கிறது என்பது பொதுவான புகழுரை. இக்கரையின் முதற் பெரும் பொறியியற் படைப்போ தொடர்பைத் துண்டிக்கவே எழுந்தது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் கண்டி தன் கரையோரம் முழுவதையும் இழந்தபோது அக்கோட்டையின் வேலை முடிந்தது எனலாம். இதே கற்பிட்டியில் 1807இற் பிறந்த சைமன் காசிச்செட்டி, தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியவர் என்ற அளவிலேயே எம்மாற் போற்றப்படுகிறார். 1834இல் வெளியான அவரது இலங்கைக் கசற்றியர் இத்தகைய பொருளியல் வரலாற்றுக்கும் கைந்நூலாகும் என்பதை இலக்கிய மாணவர் மறந்துவிடுகின்றனர்.

பாய்த்தோணிக் காலத்து உற்பத்தி முறைக்கு வருவோம். இக்கரையின் பெருந்தொழில் கரைவலை. ஒரு வலையை வளைத்துவிடவும் இழுக்கவும் பலர் கூடவேண்டும். வலை விடும் கரைப்பகுதிக்குப் 'பாடு' என்று பெயர்; மன்னார்க் கரையின் வங்காலைப்பாடு போன்ற ஊர்ப்பெயர்களில் அச்சொல் உறைந்து நிற்கிறது. வலைக்குரியவர் சம்மாட்டி. செலவு கழித்தபின் எஞ்சுவது வலைக்கொரு பங்கும் ஆட்களுக்கொரு பங்குமாகப் பிரியும். மீனில்லா நாட்களில் ஆட்களுக்குச் சம்மாட்டி முற்பணம் கொடுப்பார். அம்முற்பணம் தீராதவரை அவ்வாள் வேறொருவர் வலையைத் தொடமுடியாது. சம்மாட்டிக்கு மேலே மீனை மொத்தமாகக் கொள்ளும் வணிகர் இருந்தார். சம்மாட்டியே அவரிடம் முற்பணம் பெற்றவராக இருப்பதும் உண்டு. ஆக முற்பணம் கூலியன்று, கடனும் அன்று. உழைப்பையும் விளைவையும் முன்கூட்டியே கட்டிவைக்கும் கயிறு.

இங்கு ஒரு சொல்லாராய்ச்சி. மார்க்சியக் கலைச்சொல்லாக நாம் வழங்கும் 'முதலாளி' ஒரு வர்க்கத்தைச் சுட்டுகிறது. இலங்கையின் கடைத்தெருவிலும் கடற்கரையிலும், தமிழிலும் சிங்களத்திலும் ஒன்றுபோலவே, அது கடைவைத்திருப்பவரை, மீன் வாங்குபவரை, கடன் தருபவரைக் குறிக்கிறது. உறவுமுறைச் சொல்போலவே அது விளியாகவும் வழங்குகிறது. வர்க்கத்தின் பெயரே அன்பான விளியாகிவிட்ட இடத்தில், சுரண்டலை ஆதரவு எனவும் ஆதரவைச் சுரண்டல் எனவும் மாறிமாறி உணர்வது இயல்பே. மணமும் சாவும் நோயும் நேரும்போது வங்கி வருவதில்லை, முதலாளி வருகிறார். இவ்வுண்மையைக் கணக்கிலெடாத எந்தக் கூட்டுறவுத் திட்டமும் கரையில் நிலைக்கவில்லை.

மேற்குக் கடலின் புனைகதையிலும் இப்பிணைப்பு பதிவாகியுள்ளது. தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்' 1956இல் மலையாளத்தில் வெளியாகி, சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பாகத் தமிழுக்கும் வந்தது. திறனாய்வாளர் அதனைக் கடலம்மை நம்பிக்கையின் கதையாகவும் காதலின் துன்பியலாகவும் படித்துவந்தனர். ஆயின் நாவலின் முதல் முடிச்சு செம்பன்குஞ்சு தோணியும் வலையும் வாங்கச் சிறுவணிகன் பரீக்குட்டியிடம் பெறும் உதவியிலேயே விழுகிறது. காதலினால் முற்பணத்தைத் திருப்பிக் கேட்கத் தயங்கும் வணிகன் தன் தொழிலையே இழக்கிறான். வணிகப் பிணைப்பு மனிதப் பிணைப்பாக மாற முயன்றால் யார் அழிவர் என்பதே தகழி கேட்ட கேள்வி என்று வாசிக்க இடமுண்டு.

பழைய கருவிகளுக்கு ஒரு சிறப்பு இருந்தது. கயிறு தென்னந்தும்பாலானது; புத்தளம், சிலாபம் தென்னந்தோட்டங்களில் அதற்குக் குறைவில்லை. வலை கிழிந்தால் கரையிலிருந்தே பொத்தினர். தோணி உடைந்தால் ஓடாவியார் வந்தார். மீனவன் பணத்துக்கு வணிகனைச் சார்ந்திருந்தானேயன்றித் தொழில்நுட்பத்துக்கு எவரையும் சார்ந்திருக்கவில்லை. 1950களில் நைலோன் வலை வந்தது. அப்பத்தாண்டின் இறுதியில் மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகளை அரசு தவணைமுறையில் வழங்கத் தொடங்கியது. பின்னர் கண்ணாடியிழைப் படகும் அதன் பின்புறத்திற் பூட்டும் சிறு இயந்திரமும் பரவின. உழைப்பு குறைந்தது, தூரக் கடல் அண்மையாயிற்று. இவற்றைக் குறைத்து மதிப்பிடுவது இயந்திரத்தையே வெறுக்கும் பழமைவாதம் ஆகும். ஆனால் அவற்றோடு, பழுதுபார்க்கும் ஆற்றல் கரையை விட்டுப் போயிற்று. உதிரிப்பாகம் யப்பானிலிருந்து கொழும்புக்கும், கொழும்பிலிருந்து பட்டினத்துக் கடைக்கும் வந்து, கடைசியில் மீனை எடுக்க வரும் வணிகர் மூலமே தீவை அடைகிறது. பொறியியலாளனுக்கும் மீனவனுக்கும் இடையே ஏற்பட்டது ஒருநாட் செய்முறை விளக்கம், அதாவது தொடர்பு. வணிகனுக்கும் மீனவனுக்கும் இடையே ஏற்கெனவே இருந்த பிணைப்போ இயந்திரத்தின் விலையளவு கனத்தது. முன்னர் அரிசிக்குப் பெற்ற முற்பணம் இப்போது இயந்திரத்துக்கும் பெறவேண்டியதாயிற்று.

மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் பாகத்தில், வணிக மூலதனம் தானாகப் பழைய உற்பத்தி முறையைத் தகர்ப்பதில்லை, பல வேளைகளில் அதனைப் பேணியே தன்னை வளர்க்கிறது என விளக்குகிறார். புதிய இயந்திரம் பழைய முற்பணத்தின் மேலேறி வந்த காட்சி அதற்கு ஓர் உதாரணம்.

இதே காலத்தில் நோர்வே பொறியியலாளர் இரு கரைகளில் நடத்திய இரு சோதனைகள் ஒப்புநோக்கத்தக்கவை. 1952இல் இந்தியா, நோர்வே, ஐக்கிய நாடுகள் சபை ஆகியன செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கேரளத்தின் நீண்டகரையில் இயந்திரப் படகுகள் அறிமுகமாயின. உள்ளூர் மக்களின் உணவும் வருமானமும் உயரவேண்டும் என்பதே திட்டம். ஆனால் இறாலுக்கு அமெரிக்காவிலும் யப்பானிலும் சந்தை திறந்ததும் படகு இழுவைமடிக்கு மாறிற்று. கடலைக் கண்டறியாத முதலீட்டாளர் உரிமையாளராயினர். ஜோன் குரியன் 1985இல் எழுதிய கட்டுரை இம்மாற்றத்தைத் துருவி ஆராய்கிறது.

மற்றைய சோதனை யாழ்ப்பாணக் கரையில் நடந்தது. குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956இல் நோர்வே சென்றார். அங்குள்ள நண்பர்களுடன் சேர்ந்து அவர் 1960களின் பிற்பகுதியிற் தோற்றுவித்த சீநோர் திட்டம் காரைநகரிற் படகுத் தளத்தையும் குருநகரில் வலைத் தொழிற்சாலையையும் நிறுவிற்று. படகு வெளியிலிருந்து வரவில்லை. படகு கட்டும் கை கரையிலேயே உருவாயிற்று. இதுவே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. அரைகுறை அறிமுகத்தின் வலிமை பற்றிக் கிரனோவெற்றர் சொன்னதற்கும் இது சான்றாகும்: தனியொருவரின் பயணம் தொழிற்சாலையாயிற்று, அத்தொடர்பின் வழியே பின்னர் தமிழ் இளைஞர் பலர் நோர்வேக்குப் படிக்கச் சென்றனர். நிறுவனம் பிற்காலத்தில் அரசுடைமையாயிற்று. வடக்கின் தொழிற்றளங்களைப் போர் சிதைத்தது. புத்தளக் கரைக்கு இத்தகைய தளம் வாய்த்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

எரிபொருளின் வழியாகவும் அப்பிணைப்பு வெளிப்பட்டது. இச்சிறு படகுகளின் இயந்திரங்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2012 பெப்ரவரியில் அரசு மண்ணெண்ணெய் விலையை ஏறத்தாழப் பாதியளவு உயர்த்தியபோது சிலாபத்தில் மீனவர் வீதியில் இறங்கினர்; பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் உயிரிழந்தார். 2022இல் நாடு அந்நியச் செலாவணியின்றித் தவித்தவேளை மண்ணெண்ணெய் கிடைக்காது படகுகள் கரையேறிக் கிடந்தன; அவ்வாண்டு ஓகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. தும்புக் கயிற்றை இழுத்தவனின் வாழ்வு உலக எண்ணெய்ச் சந்தையோடு கட்டுண்டிருக்கவில்லை. அவனது பேரனின் வாழ்வு கட்டுண்டிருக்கிறது.

அதே தீபகற்பத்தில் நுரைச்சோலையில் எழுந்த லக்விஜய அனல் மின்நிலையம் 2011இல் முதல் அலகையும் 2014இல் மூன்று அலகுகளுடன் 900 மெகாவாற்று ஆற்றலையும் எட்டிற்று. கட்டியது சீன நிறுவனம். கடன் தந்தது சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கி. கடனும் கருவியும் ஒரே கையிலிருந்து வருவதால் இதனை நாட்டளவிலான முற்பணம் என்று கூறின் மிகையாகாது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் கடல் கொந்தளிப்பதால், நிலக்கரிக் கப்பல்களிலிருந்து பாதைகளுக்குச் சரக்கிறக்க முடிவது ஏறத்தாழ ஒக்டோபர் முதல் ஏப்ரில் வரை மட்டுமே. இக்கரை மீனவர் வெளிக்கடலை நம்பும் பருவமும் அதுவே. மலைபோன்ற ஆலையும் தோணி செல்லும் பஞ்சாங்கத்தையே பார்க்கவேண்டியிருக்கிறது. ஆனால் அலைகடலைப் பங்கிடும்போது இருவரும் சமமாக அமர்ந்து பேசியதில்லை.

உச்சமுனை மீது விழுந்த அண்மைய நிழல் சுற்றுலா. கற்பிட்டியைச் சூழ்ந்த 14 தீவுகளை உள்ளடக்கி 2000களில் வகுக்கப்பட்ட உல்லாசப் பயணத் திட்டத்தின் பட்டியலில் உச்சமுனையும் இடம்பெற்றது. 2010இல் மீனவர் அமைப்புகளின் முயற்சியால் உண்மை அறியும் குழுவொன்று இப்பகுதிக்கு வந்து மக்களின் முறைப்பாடுகளைக் கேட்டது. இங்கே வழக்கு நுட்பமானது. பாட்டுரிமையும் வாடியிருப்பும் பழக்கத்தால் நிலைபெற்றவை. காணி உறுதியால் அல்ல. முதலீட்டாளரின் ஆவணமோ எழுத்தில் உள்ளது. சம்மாட்டிக்கும் ஆளுக்கும் இடையிலிருந்த பிணைப்பு எத்துணை கொடியதாயினும், அதில் ஆள் தேவைப்பட்டான். அவனின்றி வலை கரையேறாது. விடுதிக்கு மணல் தேவை, மீனவன் தேவையில்லை. இதுவரை நாம் விவரித்த எல்லா உறவுகளிலிருந்தும் இது வேறானது.

புத்தளக் கரையின் பொருளியல் வரலாற்றை எழுத முனைவோர் முதலிற் செய்யவேண்டியது, சம்மாட்டிமாரின் பழைய கணக்குக் கொப்பிகளைச் செல்லரிக்குமுன் தேடிப் பெறுதலும், பாட்டு முறையை நினைவில் வைத்திருக்கும் முதியோரின் வாய்மொழியைப் பதிவுசெய்தலுமாகும். கோட்டையின் ஆவணங்கள் ஹேக்கிலும் கொழும்பிலும் பத்திரமாக உள்ளன.