பேகனும் மயிலும்: குளிரில் நடுங்கும் காட்டுயிரை என்ன செய்வது?

மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் கதையை நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். படித்த அன்றே "மயில் போர்வை கேட்டதா?" என்று சிரித்தவர்களும் நம்மில் உண்டு. இந்த மார்கழிப் பனியில் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம் என்று தோன்றியது.

பேகனின் முழுப்பெயர் வையாவிக் கோப்பெரும்பேகன். ஆவியர் குடியில் வந்தவன். பழனி மலைப் பக்கம் அவன் நாடு. கடையெழு வள்ளல்களை வரிசைப்படுத்தும் சிறுபாணாற்றுப்படை, அவன் கானமயிலுக்கு ஆடை கொடுத்ததைச் சொல்கிறது. புறநானூற்றில் பரணரும் இதைப் பாடியிருக்கிறார். மயில் குளிரில் நடுங்குகிறதே என்று இரங்கி அவன் கொடுத்தான் என்பது பரணர் தரும் காரணம்.

நம்மைப் போலச் சிரிப்பவர்களுக்குப் பரணரே பதிலும் சொல்லிவிட்டார். மயில் அதை உடுத்தாது, போர்த்திக்கொள்ளாது என்பது பேகனுக்கும் தெரியும். தெரிந்தேதான் கொடுத்தான். இதற்குப் பரணர் வைத்த பெயர் கொடைமடம். மழை வறண்ட குளத்திலும் பெய்யும், வயலிலும் பெய்யும், ஒன்றும் விளையாத களர் நிலத்திலும் பெய்யும். அவன் கொடையும் அப்படித்தான் என்கிறார். கடலோரத்து உவர் மண்ணைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை.

மயிலின் பக்கம் நின்று பார்த்தால் விஷயம் வேறு. மேகம் கறுத்தால் ஆண் மயில் தோகையை விரித்து, சிறகு சலசலக்க உடம்பை உதறும். பெண் மயிலைக் கவர ஆடும் ஆட்டம் அது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு நடுக்கம் போலவே தெரியும். இமயமலை அடிவாரக் குளிரிலும் மயில் வாழ்கிறது. இறகைச் சிலிர்த்துக்கொண்டால் இடையில் காற்று தங்கி உடம்புச் சூட்டைக் காக்கும். நல்ல உடம்போடு இருக்கும் காட்டுப் பறவைக்கு நம் போர்வை தேவையில்லை. ஆபத்தெல்லாம் அடிபட்டதற்கும், குஞ்சுக்கும், தொப்பலாக நனைந்து பறக்க முடியாமல் கிடப்பதற்கும்தான்.

பாட்டுகளில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. பேகன் மயிலைப் பிடித்து அரண்மனைக்குக் கொண்டுபோனதாக அவற்றில் இல்லை. ஆடையைக் கொடுத்தான், அவ்வளவுதான். மயில் மலையிலேயே இருந்தது.

நம் காரைக்காலில் உறைபனி கிடையாது. நமக்குக் குளிர் என்றால் ஐப்பசி, கார்த்திகையில் வரும் புயல் மழையும் வாடைக்காற்றும்தான். அந்த நாட்களில் நனைந்து விறைத்த பறவை ஒன்று திண்ணையில் வந்து விழுந்தால் உள்ளே எடுக்கலாமா? எடுக்கலாம் என்பதே என் எண்ணம். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் பழந்துணி விரித்து, இருட்டான, ஈரமில்லாத மூலையில் வைத்தால் போதும். வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றக் கூடாது. பிள்ளைகள் கூடி நின்று தொட்டுப் பார்க்கவும் கூடாது. உடனே வனத்துறைக்குச் சொல்லிவிட வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுயிரை வீட்டில் வைத்து வளர்ப்பது குற்றம். மயிலோ 1963 முதல் தேசியப் பறவை. பாவம் பார்த்து எடுத்ததைப் பாசத்தில் வைத்துக்கொள்வதில்தான் தவறு தொடங்குகிறது.

பேகன் கதை மயிலோடு முடியவில்லை. அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியிடம் இருந்தான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் அவளுக்காக அவனிடம் பரிந்து பாடினார்கள். அதில் பரணரின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். மயில் நடுங்குமே என்று இரங்கியவன் அல்லவா நீ என்று தொடங்குகிறார். பசி என்று நாங்கள் வரவில்லை, இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர், அதுவே நாங்கள் கேட்கும் பரிசு என்று முடிக்கிறார்.

கேட்காத மயிலின் நடுக்கம் அவன் கண்ணில் பட்டது. தனக்காகக் காத்திருந்தவளின் துயரத்தைச் சொல்ல நான்கு புலவர்கள் வர வேண்டியிருந்தது. மயிலுக்குக் கொடுத்ததைப் பரணர் குறை சொல்லவில்லை. அந்த இரக்கம் வீடு வரைக்கும் வரட்டும் என்றுதான் கேட்டார்.