கூப்பிடு தூரத்தில் கழிந்த இரவுகள்



நம் தமிழ்ப்பள்ளி மாணவர்களின் பெற்றோருள் பலர் பராமரிப்புப் பணியில் இருப்பவர்கள். மின்தூக்கிகளைப் பழுதுபார்ப்பவர்கள், மின்சாரப் பணியாளர்கள், தொழிற்சாலை இயந்திரங்களைக் கவனிப்பவர்கள் எனப் பட்டியல் நீளும். 'இன்று ராத்திரி எனக்கு ஸ்டேன்பை' என்பது இவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழகிப்போன வாக்கியம். அப்பா வீட்டில்தான் இருப்பார். ஆயினும் கைப்பேசி ஒலித்தால் உண்ட கையைக் கழுவிக்கொண்டு ஓடிவிடுவார். ஒலிக்காத இரவிலும் அவர் எங்கும் போக இயலாது.

அந்த இரவு யாருக்குச் சொந்தம்? தொழிலாளிக்கா, நிர்வாகத்துக்கா? அமெரிக்க நாட்டில் இவ்வினா நீதிமன்றம் ஏறி, உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நம் நாட்டுச் சட்டத்தைப் புரிந்துகொள்ளவும் துணைசெய்யும் அவ்வரலாற்றை இங்கே காண்போம்.

ஏழு தொழிலாளர்களின் வழக்கு

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஃபோர்ட் வொர்த் என்னும் நகரம் உள்ளது. கால்நடைச் சந்தைக்குப் பெயர்பெற்ற அந்நகரில் ஸ்விஃப்ட் நிறுவனம் பெரிய இறைச்சித் தொழிற்சாலை ஒன்றை நடத்திவந்தது. அங்குப் பணிபுரிந்த ஏழு பேர்தாம் இவ்வழக்கின் நாயகர்கள். அவர்களுள் இருவர் தீயணைப்புக் கூடத்தின் பொதுப் பணிகளையும் தீயணைப்புக் கருவிகளின் பராமரிப்பையும் கவனித்தனர். மற்றவர்கள் மின்தூக்கியை இயக்கினர் அல்லது தீயணைப்புப் பணியில் மாற்றாளாக நின்றனர்.

வாரத்தில் ஐந்து நாள், காலை 7 மணி முதல் பிற்பகல் 3.30 மணி வரை அவர்களுக்கு வேலை. அதில் எவ்விதச் சிக்கலும் இல்லை. சிக்கல் இரவில்தான் இருந்தது. வாய்மொழி உடன்பாட்டின்படி, வாரத்தில் மூன்றரை முதல் நான்கு இரவுகள் வரை அவர்கள் தொழிற்சாலை வளாகத்துத் தீயணைப்புக் கூடத்திலோ கூப்பிடு தூரத்திலோ தங்கியிருக்க வேண்டும். எச்சரிக்கை மணி ஒலித்தால் எழுந்து ஓட வேண்டும். வேறு வேலை இல்லை. மணியும் அரிதாகவே ஒலித்தது. ஒலித்த ஒவ்வொரு முறைக்கும் முதலில் 50 சென்ட், பின்னர் 64 சென்ட் வழங்கப்பட்டது. ஒலிக்காத இரவுக்கு ஒன்றும் இல்லை.

நிறுவனம் அவர்களைக் கொடுமைப்படுத்தவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கூடத்தில் படுக்கை வசதி இருந்தது. குளிர்சாதன வசதியும் இருந்தது. பில்லியர்ட் மேசை, டோமினோ மேசை, வானொலி ஆகியவையும் இருந்தன. உறங்கலாம், விளையாடலாம், பாட்டுக் கேட்கலாம். வெளியே போவதற்கு மட்டும் அனுமதி இல்லை.

1938ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் நியாயமான தொழில் தரச் சட்டத்தை இயற்றியிருந்தது. வார வேலை நேரத்தைப் படிப்படியாக 40 மணியாகக் குறைத்த அச்சட்டம், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு ஊதியம் தர வேண்டும் என விதித்தது. அந்த இரவுகளும் வேலை நேரமே என வாதிட்டு, மிகைநேர ஊதியம், இழப்பீடு, வழக்கறிஞர் கட்டணம் என ஏறத்தாழ 77,000 டாலர் கேட்டு ஏழு பேரும் வழக்குத் தொடுத்தனர்.

கீழ் நீதிமன்றம் அவர்களின் கோரிக்கையை மறுத்தது. விளையாடுவதும் உறங்குவதும் எப்படி வேலையாகும் என்பதே அதன் கருத்து. மேல்முறையீட்டிலும் தோல்வி. இறுதியில் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது.

நீதிபதி ஜாக்சன் கேட்ட கேள்வி

1944 டிசம்பர் 4ஆம் நாள் தீர்ப்பு வெளிவந்தது. அதனை எழுதியவர் நீதிபதி ராபர்ட் ஜாக்சன். அடுத்த ஆண்டில் நூரம்பெர்க் நகரில் நாஜித் தலைவர்கள் மீதான வழக்கில் அமெரிக்கத் தரப்பின் தலைமை வழக்கறிஞராக நின்றவர் இவரே.

காத்திருக்கும் நேரம் வேலை நேரம் ஆகவே முடியாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்றார் அவர். ஒருவர் காத்திருப்பதற்காகவே அமர்த்தப்பட்டாரா, அல்லது அமர்த்தப்படுவதற்காகக் காத்திருந்தாரா என்று பார்க்க வேண்டும். அதற்கு உடன்பாட்டையும் நடைமுறையையும் பணியின் தன்மையையும் ஆராய வேண்டும் என விளக்கினார். கீழ் நீதிமன்றத் தீர்ப்பு தள்ளுபடியானது. வழக்கு மறு ஆய்வுக்கு அனுப்பப்பட்டது.

அதே நாளில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. சிகாகோ நகரில் ஆர்மர் நிறுவனத்தின் சவர்க்காரத் தொழிற்சாலையில் தீயணைப்புக் காவலர்கள் பகலில் கருவிகளைச் சோதித்துச் சீராக்கினர். மாலை 5 மணியிலிருந்து மறுநாள் காலை 8 மணி வரை வளாகத்திலேயே அழைப்புக்குக் காத்திருந்தனர். அந்தப் பதினைந்து மணி நேரத்தில் அவர்கள் உண்மையாகவே செய்த வேலை வாரத்துக்குச் சராசரியாக அரை மணி நேரத்துக்கும் குறைவு. எனினும், உறங்கும் நேரமும் உண்ணும் நேரமும் நீங்கலாக ஏனைய நேரத்துக்கு ஊதியம் தர வேண்டும் என்ற தீர்ப்பு உறுதிசெய்யப்பட்டது. ஏதேனும் நிகழக்கூடும் என்று காத்திருப்பதற்காக மட்டுமே ஒருவரை வேலைக்கு வைக்கலாம்; உழைப்பைப் போலவே ஆயத்த நிலையும் கூலிக்கு வாங்கப்படுவதுதான் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

வீட்டில் இருந்தபடி காத்திருந்தால்?

மேற்கண்ட இரு வழக்குகளிலும் தொழிலாளர்கள் வளாகத்துக்குள் இருந்தனர். வீட்டிலிருந்து காத்திருப்பவரின் நிலை என்ன? 1961ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொழிலாளர் துறை வெளியிட்ட விதிகள் ஒரு கோட்டை வரைந்தன. தன் நேரத்தைத் தனக்காகப் பயனுறச் செலவிட இயலாத அளவுக்குக் கட்டுண்டிருந்தால் அது வேலை நேரம். எங்கே இருக்கிறேன் என்று தகவல் மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம் என்றால் அது வேலை நேரம் அன்று.

இந்தக் கோடு எவ்வளவு மெல்லியது என்பதை 1991ஆம் ஆண்டில் வந்த இரு தீர்ப்புகள் காட்டுகின்றன.

ஒருவர் டெக்சஸ் மாநிலத்து ஹியூஸ்டன் நகர மருத்துவமனையில் மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்த்த தொழில்நுட்பர். பகல் வேலை முடிந்த பிறகும் இடுப்பில் பேஜர் கருவி இருக்க வேண்டும். மது அருந்தி நிலைதடுமாறக் கூடாது. அழைத்தால் ஏறத்தாழ 20 நிமிடத்தில் வந்து சேர வேண்டும். உடன் பணியாற்றியவருக்கு அனுபவம் போதாமையால், ஏறத்தாழ ஓராண்டுக் காலம் ஒவ்வோர் இரவும், ஒவ்வொரு வார இறுதியும் இவரே காத்திருந்தார். கடைக்குப் போகலாம், உணவகத்துக்குப் போகலாம், வீட்டில் இருக்கலாம். ஆகவே இது வேலை நேரம் அன்று என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓராண்டு முழுவதும் ஓய்வே இல்லாமற்போனதும் முடிவை மாற்றவில்லை. சட்டம் மிகைநேரத்தை வாரக் கணக்கில் அளக்கிறது என்பதே விடையாயிற்று.

மற்றொன்று கான்சஸ் மாநிலத்து எம்போரியா நகரத் தீயணைப்பு வீரர்களின் வழக்கு. அவர்களுக்கும் அதே 20 நிமிட நிபந்தனைதான். ஆனால் ஒரு காத்திருப்பு முறைக்குள் சராசரியாக மூன்று முதல் ஐந்து முறை அழைக்கப்பட்டனர். வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை வேலை நேரம் என ஏற்றது. நிபந்தனை ஒன்றே எனினும், அழைப்பின் எண்ணிக்கை முடிவை மாற்றியது.

ஐரோப்பாவிலும் இதே போராட்டம் நடந்தது. ஸ்லோவேனியா நாட்டில் மலைமேல் ஒலிபரப்பு நிலையத்தைப் பராமரித்த தொழில்நுட்பர் ஒருவர், அழைத்தால் ஒரு மணி நேரத்தில் வர வேண்டும் என்ற நிபந்தனையுடன் காத்திருந்தார். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2021 மார்ச் மாதம் விடையளித்தது. காத்திருப்பின் கட்டுப்பாடுகள் ஒருவரின் ஓய்வு நேரத்தை மிகக் கடுமையாகப் பாதித்தால்தான் அது முழுவதும் வேலை நேரம். மலைமேல் பொழுதுபோக்கு இல்லை என்பது மட்டும் போதாது என்றது.

நம் சட்டம் சொல்வது

1930ஆம் ஆண்டிலேயே அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 30ஆம் உடன்படிக்கை, தொழிலாளி முதலாளியின் வசத்தில் இருக்கும் நேரமே வேலை நேரம் என்று வரையறுத்தது. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டமும் சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டமும் இதே சிந்தனையைக் கொண்டுள்ளன. முதலாளியின் வசத்தில் இருந்து, தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ள இயலாத நேரமே வேலை நேரம் என அவை கூறுகின்றன. 'உழைத்துக்கொண்டிருக்கும் நேரம்' என்று அவை சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மலேசியாவில் 2023 ஜனவரி முதல் வார வேலை நேர வரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்துள்ளது. வேலை நேரம் எது என்று தெரிந்தால்தான் அந்தக் குறைப்பினால் பயன் உண்டு.

காத்திருப்பு யாவும் வேலை நேரம் ஆகிவிடாது என்பதை மேற்கண்ட தீர்ப்புகள் உணர்த்துகின்றன. எனவே, பெற்றோர்களே, ஸ்டேன்பை உடன்பாட்டை வாய்மொழியாக விட்டுவிடாதீர்கள். எத்தனை நிமிடத்தில் வர வேண்டும், மாதத்தில் எத்தனை இரவு, மாற்றாள் யார், அழைப்பு வராத இரவுக்கு என்ன படி என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வந்த அழைப்புகளை ஒரு குறிப்பேட்டில் தேதியுடன் எழுதி வையுங்கள். நீதிமன்றங்கள் இவற்றைத்தான் எடைபோட்டுப் பார்த்தன.

ஆசிரியர்களே, பள்ளி நிகழ்ச்சிக்கு வராத தந்தையைப் 'பொறுப்பற்றவர்' என்று முடிவுகட்டும் முன் ஒரு கணம் சிந்திப்போம். அவர் அன்றிரவு எங்கோ கூப்பிடு தூரத்தில் நின்றுகொண்டிருக்கலாம். நம் வீட்டு விளக்கு எரிவதும் மின்தூக்கி ஓடுவதும் அவர் காத்திருப்பதனால்தான். அந்தக் காத்திருப்புக்கும் மதிப்பு உண்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.