எங்கே தங்குவாள்?

பையனைக் கூட்டிக்கொண்டு கல்லூரி பார்க்கப் போகிறவர்கள் வேலைவாய்ப்பைப் பற்றிக் கேட்கிறார்கள். பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் விடுதியைப் பற்றிக் கேட்கிறார்கள். இந்த வருடம் என் மகளோடு ஐந்து கல்லூரிகளுக்குப் போய்வந்த பிறகு இதை உறுதியாகச் சொல்ல முடியும். நூலகத்தைக் காட்ட இரண்டு நிமிடம். விடுதிக்கு அரை மணி நேரம். மதில் எவ்வளவு உயரம், கேட் எத்தனை மணிக்கு மூடுவார்கள், விரல் ரேகை வைத்தால் அப்பாவின் போனுக்கு எப்படிச் செய்தி போகும் என்று ஒவ்வொன்றாக விளக்குகிறார்கள். பொருளாதாரம் படிக்க விரும்புகிறவளிடம் பொருளாதாரத் துறையில் எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று யாரும் தாமாகச் சொல்லவில்லை.

விடுதி சின்ன விஷயம் இல்லைதான். பெண்கள் உயர்கல்விக்குள் வந்த வரலாற்றைப் புரட்டினால், ‘எந்தக் கல்லூரி சேர்த்துக்கொள்ளும்’ என்பதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கேள்வியும் நிற்கிறது: எங்கே தங்குவாள்? பல பெண்களுக்கு முதல் கேள்வியைவிட இரண்டாவதுதான் கடினமாக இருந்திருக்கிறது.

சென்னை மருத்துவக் கல்லூரி 1875இலேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. மூன்று வருடம் கழித்து, 1878இல், அகமதுநகரிலிருந்து கிருபாபாய் என்ற மராத்தியக் கிறிஸ்தவப் பெண் அங்கே படிக்க வந்தார். பதினாறு வயது. ஊரும் மொழியும் புதிது. சத்தியநாதன் பாதிரியார் வீட்டில் தங்கித்தான் அவர் கல்லூரிக்குப் போனார். ஒரு வருடம் நன்றாகப் படித்துப் பரிசுகளும் வாங்கினார். அதற்குள் உடல்நிலை கெட்டுப் படிப்பு நின்றுபோனது. பிறகு அந்த வீட்டு மகனையே மணந்தார், ஆங்கிலத்தில் நாவல்கள் எழுதினார். அவரை நாவலாசிரியராக மட்டுமே நம் வகுப்புகளில் அறிமுகப்படுத்துகிறோம். இடம் தர ஒரு குடும்பம் முன்வந்ததால்தான் அந்த ஒரு வருடமாவது அவருக்குக் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

புதுக்கோட்டை முத்துலட்சுமிக்கு உள்ளூரிலேயே கல்லூரி இருந்தது. அது ஆண்கள் கல்லூரி. அவர் பெண் என்பதும், தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர் என்பதும் எதிர்ப்புக்குக் காரணங்களாயின. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதித்த பிறகுதான் சேர முடிந்தது. மூடிய வண்டியில் கல்லூரிக்குப் போய்வந்தார். இன்றைய கல்லூரிப் பேருந்தின் ஜன்னல்களில் ஒட்டியிருக்கும் கறுப்புத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வண்டி நினைவுக்கு வரும்.

சென்னைக்குப் போனபோது மகளை மெரினா ஓரமாக நடத்திக்கொண்டு போனேன். வெயிலுக்கு அவள் முணுமுணுத்தாள். வரலாற்றுக்காக நடக்க வேண்டிய சாலை அது. முதலில் மாநிலக் கல்லூரி. பதினோரு வயதில் மணம் முடிந்து, விரைவிலேயே விதவையான சுப்புலட்சுமி 1911இல் பட்டம் பெற்றது இங்கேதான். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவர். தெற்கே இன்னும் கொஞ்சம் நடந்தால் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டிய கட்டடம். அதைத்தான் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்கான விடுதியாக்கினார். இன்னும் தெற்கே இராணி மேரி கல்லூரி. 1914இல் சென்னை மகளிர் கல்லூரி என்ற பெயரில் டோரதி டி லா ஹே முதல்வராக இருக்கத் தொடங்கியது. ஐஸ் ஹவுஸ் பெண்களில் சிலர் இங்கே வந்து படித்தார்கள். மொட்டையடித்து மூலையில் உட்கார வைக்கப்பட்டிருக்க வேண்டியவர்கள் கடற்காற்றில் புத்தகம் சுமந்து நடந்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

ஆனால் ஐஸ் ஹவுஸ் விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டும்தான். இதை நான் சொன்னதும் மகள் நடையை நிறுத்திவிட்டாள். “அப்போ மத்தவங்க எங்கம்மா தங்குனாங்க?” என்று கேட்டாள்.

அதற்குப் பதில் 1930இல் கிடைக்கிறது. அப்போது முத்துலட்சுமி ரெட்டி டாக்டர். சட்ட மேலவையின் துணைத் தலைவராகவும் இருந்து, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிக்கொண்டிருந்தவர். தேவதாசிக் குடும்பங்களைச் சேர்ந்த சிறுமிகள் சிலர் அடைக்கலம் கேட்டு அவர் வாசலுக்கு வந்தார்கள். அவர்களை விடுதியில் சேர்க்க அலைந்தார். பிராமணப் பெண்களுக்கான விடுதி மறுத்தது. பிராமணர் அல்லாதாருக்கான விடுதியும் மறுத்தது. தன் வீட்டிலேயே அவர்களைத் தங்க வைத்தார். ஔவை இல்லம் அப்படித்தான் தொடங்கியது. படிக்க வைக்க ஆள் இருந்தும், படிக்கப் பிள்ளைகள் தயாராக இருந்தும், படுக்க ஓர் இடம் இல்லை. பாதுகாப்பு என்று நாம் சொல்லிக்கொள்வது யாரை உள்ளே வைப்பது என்பதோடு முடிவதில்லை. யாரை வெளியே நிறுத்துவது என்பதும் அதற்குள் இருக்கிறது.

உள்ளே இருப்பவர்களும் எப்போதும் சொன்னபடி இருந்ததில்லை. 2003இல் இராணி மேரி கல்லூரியை இடித்துத் தலைமைச் செயலகம் கட்ட அன்றைய அரசு முடிவெடுத்தபோது, மாணவிகள் வளாகத்தை விட்டு வெளியேற மறுத்துப் போராடினார்கள். நேரத்தோடு உள்ளே வா என்று பழக்கப்படுத்தப்பட்டவர்கள், உள்ளேயிருந்து நகரமாட்டோம் என்றார்கள். அரசு பின்வாங்கியது.

தெற்கே ஒரு மகளிர் கல்லூரியில் (பெயர் வேண்டாம், பல கல்லூரிகளில் இதே கதைதான்) விடுதி விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தோம். தந்தை கையெழுத்துக்கு ஓர் இடம். தந்தை இல்லையென்றால் ‘ஆண் பாதுகாவலர்’. இருபது வருடமாகக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், மாணவிகளின் எத்தனையோ சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் மகளின் விண்ணப்பத்தில் என் கையெழுத்து செல்லாது. வார்டனிடம் கேட்டேன். “ரூல்ஸ் மேடம். எங்களுக்கும் சங்கடம்தான்” என்றார். அவர் குரலில் இருந்த களைப்பைப் பார்த்து மேலே எதுவும் கேட்கவில்லை. அவரும் அதே மதிலுக்குள், அதே ஆறு மணிக்குக் கேட் பூட்டிய பிறகு, இருநூறு பெண்களுக்குப் பொறுப்பாக உட்கார்ந்திருக்கிறவர்தானே.

2022இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவிகள், இரவு ஒன்பதரைக்கு மேல் விடுதியை விட்டு வெளியே போகக்கூடாது என்ற விதியை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நாளைக்கு இரவுப் பணியில் உயிர் காக்கப் போகிறவர்கள். அந்தச் செய்தியை மகளுக்குப் படித்துக் காட்டினேன். வழக்கு எப்படி முடிந்தது என்பதைவிட, நூலகத்துக்குப் போக முடியவில்லை என்று அவர்கள் சொன்னதுதான் அவள் மனதில் தங்கியது.

அவளிடம் ஒரு நோட்டு இருக்கிறது. கல்லூரிப் பெயர், பாடப்பிரிவு, கட்டணம், பஸ் வசதி என்று கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறாள். இப்போது அதில் புதிதாக இரண்டு கட்டங்கள் சேர்ந்திருக்கின்றன. நூலகம் மூடும் நேரம். விடுதிக் கேட் மூடும் நேரம். பார்த்த ஐந்து கல்லூரிகளில் நான்கில், முதலாவதற்கு முன்பே இரண்டாவது வந்துவிடுகிறது. திருச்சியில் இன்னும் இரண்டு பாக்கி.